அழவும் ஓர் இடம் வேண்டும்: மன ஆறுதல் தரும் பூங்காக்கள் – வாசகர் கேள்வி பதில்

துக்கம், நோய், தீராத மனச்சோர்வு இவற்றோடு வருகிறவர்களுக்கான பொதுத் தோட்டங்களை அமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, தோட்ட வடிவமைப்பாளரும் மனநல ஆலோசகரும் சேர்ந்து இந்த இதழில் பதில் தருகிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு ஏக்கர் காலி இடம் கிடைத்திருக்கிறது. விளையாட்டுப் பூங்கா ஏற்கெனவே இருக்கிறது. இதை மனசுக்கு ஆறுதல் தரும் தோட்டமாக்க நினைக்கிறோம். எந்தெந்தச் செடி வைக்கலாம் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டோம். சரியான வழியில்தான் போகிறோமா?
– சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: பட்டியலை மூடி வையுங்கள். செடி கடைசியில் வரட்டும். முதல் வேலை அந்த இடத்தில் சும்மா உட்காருவது. காலை, நண்பகல், அந்தி என மூன்று வேளையும் உட்காருங்கள். வேலை நாளில் ஒரு தடவை, விடுமுறை நாளில் ஒரு தடவை. ஒவ்வொரு வேளையும் ஐந்தாறு மூலைகளில் பத்துப் பத்து நிமிடம் இருந்து, எங்கே வெயில் விழுகிறது, எங்கிருந்து சத்தம் வருகிறது, யாருடைய ஜன்னல் நம்மைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நாலாவது மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் எவ்வளவு அழகாகத் தோட்டம் போட்டாலும் துக்கத்தில் இருப்பவர் அங்கே உட்காரமாட்டார்.

சத்தத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. சாலையோரம் ஒரு வரிசை வேலிச்செடி வைத்தால் இரைச்சல் அடங்கிவிடும் என்பார்கள். அடங்காது. இலை வழியே ஒலி தாராளமாகப் புகும். இரைச்சலைத் தடுப்பது கனமான பொருள்தான்: கெட்டிச் சுவர், அல்லது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயர மண்மேடு. சாலையிலிருந்து தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 3 டெசிபல் குறையும், அவ்வளவுதான். வேலிச்செடிக்கும் ஒரு பயன் உண்டு. வண்டியைக் கண்ணில் இருந்து மறைப்பதால், அதே சத்தம் கொஞ்சம் குறைவாக எரிச்சலூட்டும். எனவே மண்மேடு போட்டு அதன்மேல் புதர் வையுங்கள். அமைதியான மூலை எதுவோ அதை உட்கார ஒதுக்குங்கள், இரைச்சலான பக்கத்தை நுழைவாயிலுக்கும் வண்டி நிறுத்தவும் விடுங்கள்.

அடுத்தது வடிகால். ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் நாலைந்து குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் அங்கே நடைபாதையும் வேண்டாம், இருக்கையும் வேண்டாம். மழைக்காலத்தில் சேறாகும் தோட்டத்துக்கு ஒருமுறை வந்தவர் மறுமுறை வரமாட்டார்.

இப்போது வரைபடம். ஒரு ஏக்கர் என்றால் சுமார் 4,000 சதுர மீட்டர். ஏறக்குறைய சதுரமான இடமாக இருந்தால், எல்லையிலிருந்து ஆறு மீட்டர் உள்ளே தள்ளி ஒரு சுற்றுப்பாதை போட்டால் 200 மீட்டர் நீளம் கிடைக்கும். அதிலிருந்து பிரிந்து அதிலேயே வந்து சேரும் சின்னச் சுற்றுகள் இரண்டு மூன்று போதும். முட்டுச்சந்து ஒன்றுகூட வேண்டாம். பிரதான பாதை 1.8 மீட்டர் அகலம். அப்போதுதான் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும். சரிவு 20 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறாமல் இருந்தால் கைப்பிடி இல்லாமலே சமாளிக்கலாம். கல், சிமெண்ட் தளமெல்லாம் சேர்ந்து 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். மீதி பசுமை.

நுழைவாயிலைத் தாண்டியதும் தோட்டம் முழுவதையும் காட்டிவிடாதீர்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தூரம் வளைந்து, சற்றே குறுகி, நிழலாகப் போகும் பாதை வேண்டும். ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்ற உளவியலாளர் தம்பதி 1989-ல் எழுதிய நூலில், களைத்த கவனத்தை மீட்டுத் தரும் சூழலுக்கு நான்கு குணங்கள் சொன்னார்கள்: வழக்கமான உலகிலிருந்து விலகி வந்த உணர்வு, இன்னும் இருக்கிறது என்று தோன்றும் விரிவு, முயற்சி இல்லாமலே கண்ணை ஈர்க்கும் தன்மை, வந்தவரின் தேவையோடு பொருந்துதல். முதல் இரண்டையும் இந்த வளைந்த பாதையே தந்துவிடும்.

கேள்வி: எங்கள் பூங்காவில் இருபது பெஞ்ச் இருக்கின்றன. நல்ல பெஞ்ச்தான். ஆனால் மக்கள் படிக்கட்டிலும் மதில் விளிம்பிலும் உட்காருகிறார்களே தவிர பெஞ்சில் உட்காருவதில்லை. ஏன்?
– பூங்கா பராமரிப்பில் உள்ள வாசகர்

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்ததிலேயே பயனுள்ள கேள்வி இது. ஒரு தோட்டம் மனதை ஆற்றுமா ஆற்றாதா என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது இருக்கைதான்.

பெஞ்சின் முதுகு எதைப் பார்த்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நடைபாதையாக இருக்கும். பின்னால் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் உடம்பு தளராது. ஜே ஆப்பிள்டன் என்ற புவியியலாளர் 1975-ல் சொன்ன கருத்து இது: நாம் பிறரைப் பார்க்க வேண்டும், பிறர் கண்ணில் நாம் எளிதில் படக் கூடாது, அப்படிப்பட்ட இடத்தையே மனிதன் விரும்புகிறான். படிக்கட்டிலும் மதிலோரமும் உட்காருகிறவர்களைக் கவனியுங்கள். அவர்களுக்குப் பின்னால் ஏதோ ஒரு தடுப்பு இருக்கும், எதிரே திறந்த வெளி இருக்கும்.

எனவே ஒவ்வொரு இருக்கைக்கும் பின்னால் 1.2 மீட்டருக்குக் குறையாத புதரோ சுவரோ வேண்டும். எதிரே பத்துப் பதினைந்து மீட்டராவது பார்வை தடையில்லாமல் போக வேண்டும். வருகிறவர் யார் என்பது அவர் அருகில் வந்து நிற்கும் முன்பே தெரிய வேண்டும். பாதையின் இரு பக்கமும் எதிரெதிரே பெஞ்ச் போடுவது மிக மோசமான வழக்கம். நடப்பவர் பார்வை வரிசைக்கு நடுவே போக வேண்டியிருக்கிறது, உட்கார்ந்தவர் அந்நியர் முகத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது.

அழுவதற்கு ஏற்ற இடம் தனி வகை. அது பாதையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே தள்ளி இருக்கட்டும். நுழையும் வழி லேசாக வளையட்டும். பாதையை ஒட்டிய புதரை 1.2 மீட்டரிலேயே கவாத்து செய்து நிறுத்துங்கள். உட்கார்ந்தவரின் முகம் மறையும், உள்ளே ஆள் இருப்பது மட்டும் உச்சந்தலையால் தெரியும். புதரை இரண்டு மீட்டர் வளர விட்டால் அது ஒதுக்கிடமாக இல்லாமல் ஒளிவிடமாகிவிடும். பெண்கள் அந்தப் பக்கம் போகவே பயப்படுவார்கள், பின்பு பாதுகாப்பைச் சொல்லி யாராவது அடியோடு வெட்டிவிடுவார்கள். பல பூங்காக்களில் ஒதுக்கிடங்கள் இப்படித்தான் காணாமல் போயின.

இருவர் பேச வேண்டிய இடத்தில் பெஞ்சுகளை முகத்துக்கு முகமாக வைக்காமல் 90 முதல் 120 டிகிரிக் கோணத்தில் வையுங்கள். கனமான விஷயத்தைச் சொல்பவர் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க விரும்பமாட்டார். இருவரும் ஒரே மரத்தைப் பார்த்தபடி பேசுவது சுலபம். சில இடங்களில் ஒருவர் மட்டும் உட்காரும் 75 செ.மீ. இருக்கையும் தேவை. ஐந்து அடி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தால் மறுபாதியில் யாரோ வந்து உட்காரக்கூடும் என்ற எண்ணமே பலரை எழுப்பிவிடும்.

அளவுகள்: இருக்கை உயரம் 45 செ.மீ., ஆழம் 40 முதல் 45. கைப்பிடி இருக்கைக்கு மேலே 20 செ.மீ. சொச்சம் உயரத்தில், முன்விளிம்பு வரை நீண்டு இருக்க வேண்டும். மூட்டுவலிக்காரர் அதை அழுத்தித்தான் எழுவார்; பாதியோடு நிற்கும் கைப்பிடி அவருக்கு உதவாது. இருக்கைக்கு அடியில் குதிகாலைப் பின்னுக்கு இழுக்க இடம் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் 90 செ.மீ. அகலத்துக்குத் தளம் போட்டால் சக்கர நாற்காலியில் வந்தவர் பாதையை மறிக்காமல் கூடவே இருக்கலாம். இரும்பும் எவர்சில்வரும் வெயிலில் சுடும், பளபளப்புக் கல் மழை விட்டு நெடுநேரம் ஆனாலும் ஈரமாகக் கிடக்கும். மரச்சட்டங்களை 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துவதே மேல். மரத்தடியில் போடும் முன் அந்த மரம் பழம் உதிர்க்கிறதா, பறவைகள் இரவில் அடைகின்றனவா என்று பாருங்கள். எச்சம் படிந்த பெஞ்சை யாரும் துடைத்துவிட்டு உட்காரமாட்டார்கள்.

உங்கள் இருபதையும் பெயர்க்க வேண்டாம். நான்கை மட்டும் திருப்பி வைத்து, பின்னால் உயரமான தொட்டிச் செடிகளை அடுக்கி இரண்டு வாரம் பாருங்கள். கூடவே நகர்த்தக்கூடிய இலேசான நாற்காலிகள் ஆறு போடுங்கள். நகரத் திடல்களைப் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட் 1980-ல் எழுதியது இன்றும் பொருந்தும்: மக்கள் நாற்காலியை நாலு அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அந்த நாலு அங்குலம் அவர்களே எடுத்த முடிவு. நோயிலும் துக்கத்திலும் எதுவும் தன் கையில் இல்லை என்று தோன்றுகிறவருக்கு அது சின்ன விஷயமே இல்லை. திருடு போகுமே என்பீர்கள். ஒன்றிரண்டு போகும். அதைக் கணக்கில் சேர்த்தே வாங்குங்கள்.

கேள்வி: மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கிறேன். தோட்டத்துக்கு இடம் கேட்டால், "இதெல்லாம் நிரூபணமானதா?" என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மிகையாகச் சொன்னால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ரோஜர் உல்ரிக் 1984-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு எல்லாராலும் மேற்கோள் காட்டப்படுவது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். 23 பேரின் ஜன்னல் மரங்களைப் பார்த்திருந்தது, 23 பேரின் ஜன்னல் செங்கல் சுவரைப் பார்த்திருந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், மற்றவர்கள் 8.70 நாளில். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆனால் எண்ணிக்கை சிறியது, ஒரே மருத்துவமனை, ஒரே அறுவை. இதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

2019-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தகவலை வைத்து வந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரேயடியாகப் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசம் இல்லை. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற ஐயத்தை அந்த ஆய்வால் தீர்க்க முடியாது. அதே ஆண்டில் 36 பேரிடம் எட்டு வாரம் நடந்த இன்னோர் ஆய்வு, உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு 20 முதல் 30 நிமிடத்துக்குள் வேகமாகக் குறைவதைக் காட்டியது. இது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்: நோயாளியின் உறவினர் வார்டிலிருந்து அரைமணி நேரத்துக்குள் போய்வரக் கூடிய தூரத்தில் தோட்டம் இருக்க வேண்டும். மூன்று கட்டடம் தள்ளி இருக்கும் அழகிய தோட்டத்தைவிட, வார்டு வாசலில் இருக்கும் சுமாரான முற்றத்துக்கு ஆள் வரும்.

தோட்டம் மருந்துக்கு மாற்று என்று மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள்.

சிலை, கலைப்பொருள் வைக்கும் யோசனை வந்தால் கவனம் தேவை. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை, புற்றுநோயாளிகளின் ஜன்னலுக்கு எதிரே பறவைகளைக் குறிக்கும் உலோகச் சிற்பங்களை வைத்தது. கூர்மையான அந்த உருவங்களைப் பார்த்துப் பலர் மிரண்டதால் அகற்ற வேண்டி வந்தது. பயத்தில் இருப்பவர் தெளிவில்லாத உருவத்தில் தன் பயத்தையே பார்ப்பார். மரம், பூ, நீர் என்று பார்த்ததும் புரிவதை வைப்பதே நல்லது.

கேள்வி: மணமுள்ள செடிகள் மனதுக்கு இதம் என்கிறார்களே, எவ்வளவு வைக்கலாம்? நச்சுச் செடி விஷயத்திலும் வழிகாட்டுங்கள்.

பதில்: மணத்தை ஒரு மூலையில் வையுங்கள், தோட்டம் முழுக்கப் பரப்பாதீர்கள். கீமோதெரபி எடுப்பவர்களுக்குப் பிடித்த மணமே குமட்டலைத் தரலாம். கர்ப்பிணிகளுக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் அப்படித்தான். மேலும், மணம் நினைவை நேரடியாக இழுத்து வரும். ஒருவரை இழந்தவருக்கு அவரோடு சேர்ந்த பூமணம் ஆறுதலாகவும் இருக்கலாம், அடியாகவும் இருக்கலாம். எது என்று நம்மால் சொல்ல முடியாது. ஆகவே மணம் வேண்டாதவர் சுற்றிப் போக வழி இருக்கட்டும். துளசி, புதினா, எலுமிச்சைப்புல் போலக் கசக்கினால் மட்டும் மணக்கும் செடிகள் பாதுகாப்பானவை, ஏனென்றால் முகர்வதும் முகராததும் வந்தவர் கையில் இருக்கிறது. அவற்றைத் தரையில் வைத்தால் குனிய வேண்டும். 70 முதல் 75 செ.மீ. உயர மேட்டுப்பாத்தியில் வைத்தால் உட்கார்ந்தபடியே தொடலாம். ஒரு பக்கத்திலிருந்து கை எட்டுவது 60 செ.மீ.தான், இரு பக்கமும் பாதை இருந்தால் பாத்தி 1.2 மீட்டர் அகலம் இருக்கலாம்.

அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, குன்றிமணி, பால் வடியும் கள்ளி வகைகள் வேண்டவே வேண்டாம். அரளி பராமரிப்பே கேட்காது என்பதால் பூங்காக்காரர்களுக்குப் பிடிக்கும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகளும் மறதிநோயாளிகளும் தற்கொலை எண்ணம் கொண்டவர்களும் வரும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

வகை குறைவாகவும் கூட்டம் அதிகமாகவும் இருக்கட்டும். நாற்பது வகையில் ஒவ்வொன்றாக நட்டால் கண் ஓரிடத்திலும் நிற்காது. பத்துப் பன்னிரண்டு வகை, ஒவ்வொன்றும் பதினைந்து இருபது செடிகளாகத் திட்டுத் திட்டாகப் போதும். மரக்கன்று நடும்போது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்தால் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் மரம் சோர ஆரம்பிக்கும், அப்போது காரணம் யாருக்கும் தெரியாது. மண்ணை மூடப் பரப்பும் இலைதழை மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. கனம் போதும், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

கேள்வி: நீரூற்று வைக்கலாமா?

பதில்: தினமும் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வையுங்கள். பம்ப் நின்று, பாசி பிடித்து, பிளாஸ்டிக் கப் மிதக்கும் தொட்டி, நீரே இல்லாத தோட்டத்தைவிட மோசம். இந்த இடத்தை யாரும் கவனிப்பதில்லை என்பதைப் பார்த்ததும் சொல்லிவிடும். மனம் உடைந்து வந்தவருக்கு அது உறைக்கும்.

ஒலிக்காகத்தான் என்றால், சாலைப் பக்கம் வைக்காமல் உட்காருகிறவருக்கு இரண்டு மூன்று மீட்டர் பக்கத்தில் வையுங்கள். காதுக்கு அருகில் இருக்கும் சிறிய ஒலியே தூரத்து இரைச்சலை மறைக்கும். ஒரே தாரையாகக் குழாயிலிருந்து விழும் நீர் கழிப்பறையை நினைவூட்டும். அகலமான விளிம்பில் வழிந்து, ஒழுங்கற்ற கற்கள்மேல் உடைந்து விழும்போது ஒலி மாறி மாறி வரும். விழும் உயரத்தையும் அளவையும் மாற்ற ஒரு வால்வு வைத்து, இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்டுச் சரிசெய்யுங்கள். வரைபடத்தில் ஒலி தெரியாது.

மருத்துவமனையில் நீர்த்துளி தெறிக்கும் ஊற்று வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் பெருகும் லெஜியோனெல்லா கிருமி நுண்துளி வழியே நுரையீரலுக்குப் போகும், நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு அது ஆபத்து. தேங்கும் நீரில் கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். எனவே பறவைக்கான தண்ணீர்த் தட்டுகளை வாரம் இரண்டு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கேள்வி: மறதிநோயாளிகள் இல்லம் நடத்துகிறோம். முற்றத்தைத் தோட்டமாக்கினோம். சிலர் ஓரிடத்தில் வந்ததும் நின்றுவிடுகிறார்கள், சிலர் கதவைப் பிடித்து ஆட்டுகிறார்கள்.

பதில்: நிற்கும் இடத்தில் தரையைப் பாருங்கள். அழகுக்காகக் கறுப்புக் கல் பட்டை பதித்திருப்பீர்கள், அல்லது பந்தலின் நிழல் கோடுகோடாக விழும். மறதிநோயாளியின் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை பள்ளமாகத் தெரியும். பாதை முழுக்க ஒரே நிறம், வெளிர் மண் நிறம், பளபளப்பு இல்லாமல் இருக்கட்டும். வெள்ளை சிமெண்டும் கூசும். பாதை ஓரத்துக்கும் பாத்திக்கும் மட்டும் நிற வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும்.

கதவை ஆட்டுவதற்குக் காரணம், பாதை அங்கே போய் முடிவது. பாதையை வளைத்துப் புறப்பட்ட வாசலுக்கே கொண்டு வாருங்கள். வெளிக்கதவைச் சுவர் நிறத்திலேயே பூசி, முன்னால் புதர் வையுங்கள். உள்ளே திரும்பும் கதவை மாறாக எடுப்பான நிறத்தில் வையுங்கள். வழியில் நாலு அடையாளங்கள் போதும்: ஒரு தபால்பெட்டி, துணி காயப்போடும் ஒரு கொடி, ஒரு மணி, ஒரு பெரிய மரம். கைப்பிடிக் கம்பி 85 முதல் 90 செ.மீ. உயரத்தில். பணியாளர் உள்ளே வேலை செய்தபடியே முற்றம் முழுதும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர்கள் கதவைப் பூட்டிவைத்துவிடுவார்கள். பிறகு தோட்டம் இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

கேள்வி: அன்பானவரை இழந்தவர்களுக்கு ஒன்றரை மணி நேர இயற்கை நடை நடத்தத் திட்டம். எப்படி அமைப்பது? என்ன செய்யக் கூடாது?
– தன்னார்வலர் குழு

பதில்: ஜப்பானின் வனத்துறை 1982-ல் 'ஷின்ரின் யோகு', அதாவது காட்டுக் குளியல் என்று பெயர் கொடுத்துப் பரப்பிய பழக்கம்தான் இதற்கு அடிப்படை. உடற்பயிற்சி நடை இல்லை. 90 நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர்கூட அதிகம், 600 மீட்டர் போதும். ஆறு முதல் பத்துப் பேர், வழிநடத்த ஒருவர், கடைசியில் வர ஒருவர்.

முதல் பத்து நிமிடம் எல்லாரும் நின்று, எங்கே போகிறோம், எப்போது முடியும், கழிப்பறை எங்கே, பாதியில் கிளம்ப வேண்டுமானால் எந்த வழி என்று தெளிவாகச் சொல்லுங்கள். பேச வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கேட்பது, பார்ப்பது. கண்ணை மூடச் சொல்லாதீர்கள். அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்குக் கண் மூடுவதே பதற்றம் தரும். "விருப்பமானால் மூடலாம், இல்லாவிட்டால் தரையைப் பாருங்கள்" என்றால் போதும். பிறகு இருபது நிமிடம் மெதுநடை. அதன்பின் இருபது நிமிடம் ஆளுக்கோர் இடத்தில் தனியே உட்காருதல்; எல்லாரும் உங்கள் பார்வைக்குள் இருக்கட்டும், திரும்பி வர ஒரு மணியோசை. பதினைந்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பகிர்வது. கையில் ஒரு கல்லைக் கொடுத்தால், பேச விரும்பாதவர் அடுத்தவருக்குக் கடத்திவிடுவார். கடைசிப் பத்து நிமிடம் தண்ணீர் குடித்து, சாதாரணப் பேச்சு பேசிக் கலைவது. அழுத முகத்தோடு நேரே சாலைக்கு அனுப்பாதீர்கள்.

பெரும்பாலும் கெடுவது வழிநடத்துபவரின் வாயால்தான். உதிர்ந்த இலையைக் காட்டி, "இதுபோலத்தான் வாழ்க்கையும்" என்று ஆரம்பித்தால் நடை அங்கேயே முடிந்தது. பிள்ளையை இழந்தவரிடம் வசந்தம் திரும்பும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நீங்கள் சொல்ல வேண்டியது, "இந்த மரப்பட்டையைத் தொட்டுப் பாருங்கள்" என்ற அளவில் நிற்கட்டும்.

யாராவது வாழப் பிடிக்கவில்லை என்ற தொனியில் பேசினால் குழுவின் நடுவே விசாரிக்காதீர்கள். உடன் வரும் இரண்டாமவர் அவரோடு ஒதுங்கி இருந்து, நேரடியாகவே கேட்க வேண்டும்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடக் கூடாது. அழைக்க வேண்டிய மனநல மருத்துவரின் எண்ணும் நெருக்கடி உதவி எண்ணும் நடைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: இறந்தவர் நினைவாக ஆளுக்கொரு மரம் நட்டுப் பெயர்ப்பலகை வைக்கலாமா?

பதில்: மரம் பட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்று முதலில் யோசியுங்கள். எவ்வளவு கவனித்தாலும் சில கன்றுகள் பட்டுத்தான் போகும். இழந்தவர்களுக்கு அது இரண்டாவது சாவு. ஒரு மரத்தை ஒரு பெயரோடு கட்டாதீர்கள். இந்தத் தோப்பு இந்த ஆண்டில் பிரிந்தவர்களுக்காக என்று மொத்தமாக வைத்துவிட்டால், பட்டதை எடுத்து வேறு நடலாம். எங்கு திரும்பினாலும் பலகை என்றால், வேறு வலியோடு வந்தவருக்கு அது மயானம்போல் ஆகிவிடும். பெயர்களை ஒரே சுவரில், பிரதான பாதையிலிருந்து விலக்கி வையுங்கள். விரும்பியவர் போய்ப் பார்க்கட்டும்.

பேச வழி செய்வது இன்னும் நல்லது. ஜப்பானின் ஒட்சுச்சி நகரில் ஒருவர் 2010-ல் தன் தோட்டத்தில் இணைப்பே இல்லாத தொலைபேசிக் கூண்டு ஒன்றை வைத்தார், இறந்த உறவினரோடு பேச. 2011 சுனாமிக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து பேசினார்கள். உங்களுக்குக் கூண்டுதான் வேண்டும் என்றில்லை. எழுதிப் போட ஒரு பெட்டி, நனையாத காகிதம், பென்சில் போதும். ஆனால் அந்தக் கடிதங்களை யாரும் படிக்கமாட்டார்கள் என்பதையும், எப்போது, எப்படி அவற்றை அழிக்கிறீர்கள் என்பதையும் பெட்டிமேலேயே எழுதி வையுங்கள்.

சுருக்கமாக

*பின்னணி இசைக்கு ஒலிபெருக்கி வைக்கலாமா?* வேண்டாம். யாருக்கு எந்தப் பாட்டு எதை நினைவூட்டும் என்று நமக்குத் தெரியாது, நிறுத்தும் பொத்தானும் அவர்கள் கையில் இல்லை.

*செல்போனுக்குத் தடைப்பலகை?* அதுவும் வேண்டாம். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரக் காத்திருப்பவரும் அங்கே இருப்பார். "மெதுவாகப் பேசலாம்" என்று ஒதுக்கிடத்தின் வாசலில் மட்டும் எழுதுங்கள்.

*நன்கொடை தந்தவர்கள் பலன் கேட்கிறார்கள், எதைக் காட்டுவது?* வரைபடத்தில் வாரம் மூன்று முறை, ஒரே நேரத்தில், யார் எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். மூன்று மாதத்தில் புள்ளியே விழாத இடங்கள் தெரியும். அங்கே போய் உட்கார்ந்தால் காரணமும் தெரியும்: வெயில், நாற்றம், யாரோ பார்க்கிறார்கள். வருகிறவரிடம் நுழையும்போதும் கிளம்பும்போதும் மனபாரம் பத்துக்கு எத்தனை என்று ஒரே கேள்வி, பெயர் கேட்காமல். எண்ணிக்கையைவிட, எத்தனை பேர் இருபது நிமிடத்துக்கு மேல் தங்கினார்கள் என்பதைக் காட்டுங்கள்.

*இரவு விளக்கு?* முழங்கால் அல்லது இடுப்பு உயரத்தில், கண்ணில் நேராக அடிக்காதபடி மேல்மூடி உள்ள மஞ்சள் ஒளி; பல்பு அட்டையில் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் 2,700-க்கு மேல் வேண்டாம். உயரக் கம்பத்தில் வெள்ளை விளக்கு போட்டால் அதன் வட்டத்துக்கு வெளியே எல்லாம் கும்மிருட்டாகத் தெரியும். ஒதுக்கிடங்களின் வாசலில் மட்டும் எதிரே வருபவர் முகம் தெரியும் அளவுக்கு ஒரு விளக்கு அவசியம்.